தைவான் பட்டையில் முதல் கரண்டி

அந்த ஜன்னல் சீட்டுல ஆள் வருது தம்பி. திருச்சியில ஏறுது. அதான் துண்டு போட்டு வச்சிருக்கேன். நீங்க இப்படி ஓரத்துல உக்காருங்க, காலை நல்லா நீட்டிக்கலாம். டிக்கெட்டெல்லாம் இருக்கு, இந்தா பாருங்க, சுபாஷிணின்னு போட்டுருக்கா? என் மருமக. திருச்சியில அவுங்க அம்மா வீட்டுல இருக்கா. வருவா. வராம எங்க போறா. வருவான்னுதான் நெனைக்கிறேன்.

பை குத்துதோ? மன்னிச்சுக்கங்க. பயப்படாதீங்க, கரண்டிதான். நமக்குத் தொழிலே அதுதான். மதுரையில முனிச்சாலைக்கு அங்கிட்டு ஒரு சந்து இருக்கு, கரண்டிப் பட்டறைச் சந்து எதுன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. பன்னெண்டு பட்டறை. கல்யாண வீட்டுல சாம்பார் ஊத்துறாங்கள்ல, ஓட்டல்ல சோறு அள்ளி வைக்கிறாங்கள்ல, அந்தப் பெரிய எவர்சில்வர் கரண்டி பூராம் நம்ம சந்துல பொறந்ததுதான். என் பேரு சோணைமுத்து. சங்கத்துக்குத் தலைவரும் நான்தான். நானாக் கேட்டு வாங்கலை, அவங்களாக் குடுத்தது. எதிர்ப் பட்டறையில காசிராஜன்னு ஒருத்தன் இருக்கான், அவன் மட்டும் நானாக் கேட்டு வாங்குனதாச் சொல்லுவான். அவன் பேச்சை விடுங்க.

ஆளைப் பாத்தா கரண்டி அடிக்கிறவன் மாதிரிதான் இருப்பேன். ஆனா தைவான் வரைக்கும் நமக்கு வியாபாரம் இருக்கு. சிரிக்காதீங்க. இன்னைக்கு மெட்ராசுக்குப் போறதே அதுக்குத்தான். தைவான்காரர் வந்திருக்காரு, விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு ஓட்டல்ல தங்கியிருக்காரு, சாயங்காலம் நாலு மணிக்கு என்னையப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. என்னையத்தான். கூட சுபாவும் வரணும், பேச்சுக்கு ஒரு ஆள் வேணும்ல.

கரண்டி எதுல செய்யிறோம்னு நெனைக்கிறீங்க? பட்டையில. மில்லுல எவர்சில்வரைப் பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கி, நீளமா இழுத்து, அப்படியே பாய் சுருட்டுற மாதிரிச் சுருட்டிருவாங்க. ஹாட் ரோல்டுன்னு அதுக்குப் பேரு. நாங்க சூட்டுப் பட்டைம்போம். நல்ல கனமா இருக்கும். பிரஸ்ஸுல விட்டு ஒரு அடி அடிச்சா கரண்டி உருவம் வெட்டி விழும். இன்னொரு அடி அடிச்சா குழி விழும். ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது. நீங்க வாங்குனா உங்க பேரன் கல்யாணத்துக்கும் அதே கரண்டிதான். அதுதான் எங்களுக்கு நட்டம், அது வேற கதை.

இம்புட்டு நாளும் பட்டையை மெட்ராஸ்ல ஒரு பெரிய வியாபாரிகிட்டதான் வாங்கிக்கிட்டு இருந்தோம். அவரு வெளிநாட்டுல இருந்து கப்பல்ல இறக்குவாரு. எங்களுக்கு நறுக்கிக் குடுப்பாரு. நல்ல மனுசன்தான், கும்பிட்டா திருப்பிக் கும்பிடுவாரு. போன வருசம் ஒரு குழாய்க் கம்பெனிக்காரன் வந்து, வர்ற பட்டை பூராத்தையும் எனக்கே குடுங்கன்னு கேட்டுருக்கான். அம்புட்டுதான். அடுத்த வாரம் நான் போன் பண்ணினா எடுக்கலை. அதுக்கப்புறம் எடுத்தாரு, உங்க பன்னெண்டு பேருக்கும் நறுக்கிக் கட்டி லாரி ஏத்துற நேரத்துல நான் நாலு கப்பலைப் பாத்துருவேன் சோணைமுத்துன்னாரு. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பட்டை வரலைன்னா எங்க சந்துல என்ன ஓடும் சொல்லுங்க. பிரஸ் பூராம் நின்னு போச்சு. எங்க சந்துல பச்சப்புள்ளைங்கல்லாம் பிரஸ் சத்தத்துல தூங்கிப் பழகினதுங்க. சத்தம் நின்னதும் அதுங்க எல்லாம் முழிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சிருச்சு. பன்னெண்டு வீட்டுலயும் அதே கூத்து.

சங்கத்துல கூட்டம் போட்டோம். நேரா வெளிநாட்டுக்காரன்கிட்டயே வாங்குனா என்னன்னு ஒரு யோசனை வந்துச்சு. யாரு சொன்னதுன்னு கேளுங்க. நான்தான். முதல்நாள் சோறு போடும்போது சுபா அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா, ஒரு ஆளுக்கு ஒரு கன்டெய்னர் அதிகம் மாமா, பன்னெண்டு பேரும் சேந்தா ஒரு கன்டெய்னர் சரியா இருக்கும்னு. ஆனா கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லணும்ல. சொன்னது நான்.

அவ கரூர்ல ஒரு துணி ஏத்துமதி ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டு இருந்த புள்ள. என் மகனைக் கட்டிக்கிட்டு மதுரைக்கு வந்துட்டா. துணிக்கும் எவர்சில்வருக்கும் என்ன சம்பந்தம்னுதான் நானும் இருந்தேன். அவ என்னடான்னா கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுக்கிட்டு, கொரியாவுல ஒரு மில்லு, இந்தோனேசியாவுல ஒரு மில்லுன்னு ஒவ்வொருத்தருக்கா எழுதிப் போட்டா. முக்காவாசிப் பேரு பதிலே போடலை. ஒரு கன்டெய்னருக்கு யாரு மெனக்கெடுவா? தைவான்ல ஒரே ஒருத்தரு, லியாவுன்னு பேரு, அவரு மட்டும் கரண்டியா, என்ன கரண்டின்னு திருப்பிக் கேட்டாரு. சுபா நம்ம கரண்டியைப் படம் புடிச்சு அனுப்புனா. மறுநாள் காலையில முகம் பாத்துப் பேசுறதா ஏற்பாடு.

அங்கதான் என் வேலை ஆரம்பம்.

காலையில ஏழு மணி. அவங்களுக்கு அப்பவே ஒம்பதரையாம். நான் குளிச்சு, துன்னூறு பூசி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு சாப்பாட்டு மேசையில போய் உக்காந்தேன். சுபா எனக்குப் பக்கத்துல. கம்ப்யூட்டர்ல லியாவு தெரியுறாரு. என் வயசு இருக்கும், கண்ணாடி போட்டு, அமைதியான முகம். அவருக்குப் பின்னால ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் இருந்துச்சு. அதைப் பாத்ததுமே எனக்கு ஒரு தைரியம். ஏவாரம்னா முதல் வார்த்தையிலயே அடிச்சுப் பேசணும். நான் பேசினேன். யோவ், நாங்க மதுரைக்காரங்க, எங்ககிட்ட உன் வெளையாட்டெல்லாம் வேணாம், மெட்ராஸ்காரருக்கு என்ன விலையோ அதுல இருந்து குறைச்சுத்தான் கேப்போம், குடுத்தாக் குடு, குடுக்கலேன்னா உன் பட்டையை நீயே சுருட்டி வச்சுக்கன்னு. ஒரு பத்து நிமிசம் விட்டேன். சுபா தலையை ஆட்டிக் கேட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பி ரெண்டே வார்த்தை சொன்னா. அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே தலையைக் குனிஞ்சு கும்பிட்டாரு.

எப்படிப் பயந்துட்டாரு பாருங்க.

அதுக்கப்புறம் நான் சும்மா ஒரு 'ம்' போட்டேன். அதுக்கு அவ பத்து நிமிசம் பேசுனா. எனக்கே ஆச்சரியம். நான் நெறைய சொன்னா இங்கிலீசுல கொஞ்சமா வருது, நான் கொஞ்சமாச் சொன்னா நெறைய வருது. அந்தப் பாசை அப்படித்தான் போல. ஆனா ஒண்ணு தம்பி, இங்கிலீசு எனக்குத் தெரியாதே தவிர முகம் தெரியும். நான் முறைச்சா அந்த ஆளு முகம் மாறும். அவ பேசப் பேச நான் முறைச்சுக்கிட்டே இருப்பேன். அதுல விலை இறங்கும். இப்படியே நாலஞ்சு காலை போச்சு.

நடுவுல ஒரு நாள் லியாவு, இந்த விலை இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்னு சொல்லிட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம். அப்புறம் சுபா விவரமாச் சொன்னா. எவர்சில்வருக்குள்ள நிக்கல்னு ஒண்ணு கலக்குறாங்க, அதுக்கு லண்டன்ல தினமும் விலை கட்டுறாங்களாம், அங்க ஏறுனா இங்க ஏறுது. அட, இதைத்தானே நம்ம மாட்டுத்தாவணியில தினமும் பாக்குறோம். மல்லிப்பூ காலையில ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை, நாளைக்கு முகூர்த்தம்னா வேற விலை. லண்டன்ல அடுத்த நாள் முகூர்த்தமா இல்லையான்னு மட்டும் பாரும்மா, இல்லைன்னா பொறுத்து வாங்குவோம்னு சொன்னேன். அவ சிரிச்சா. ஆனா நான் சொன்ன மாதிரியேதான் செஞ்சா, ரெண்டு நாள் பொறுத்துத்தான் வாங்குனா. இல்லை, அன்னைக்கு உடனே வாங்கிட்டாளோ? எதுவோ ஒண்ணு, விலை நமக்குத் தோதாத்தான் அமைஞ்சுச்சு.

இன்னொரு பெரிய சண்டை, கழுவுறதுல. பட்டை உருளையில இருந்து வரும்போது மேல கறுப்பா ஒரு பொருக்கு இருக்கும். மில்லுக்காரன் அதை ஆசிட்டுல முக்கிக் கழுவி வெள்ளைப் பட்டையாக் குடுப்பான், அதுக்குத் தனிக் காசு. நான் சொன்னேன், நமக்குக் கறுப்பே போதும், நாங்க வீட்டுல கழுவிக்கிறோம், பொண்ணு பாக்கவா வந்துருக்கோம்னு. சுபா என்னையத் திரும்பிப் பாத்து, ஆசிட்டுல கழுவுற தண்ணியை எங்க மாமா விடுவீங்க, சந்துச் சாக்கடையிலயா, அந்தப் பொருக்கோட பிரஸ்ஸுல விட்டா அச்சு தேஞ்சு போகாதான்னு கேட்டா. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நீ நான் சொன்னதைச் சொல்லுன்னுட்டேன். சொன்னா. என்ன சொன்னாளோ, நல்லா நீளமாச் சொன்னா. லியாவும் சரின்னு தலையாட்டிட்டாரு.

கப்பல் கிளம்பிருச்சு. கொழும்பு வரைக்கும் வந்துச்சு. அங்க இருந்து தூத்துக்குடிக்கு வேற சின்னக் கப்பல்ல மாத்தணுமாம், அந்தச் சின்னக் கப்பல் நம்ம பெட்டியை ஏத்தாமலே போயிருச்சு. பஸ்ஸை விட்ட மாதிரி. கொழும்புல நம்ம பட்டை வெயில் காஞ்சுக்கிட்டு கெடக்கு, இங்க சந்துல பன்னெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு கெடக்காங்க. காசிராஜன் தினமும் காலையில வந்து, தலைவரே பட்டை எங்க வந்துருக்குன்னு கேப்பான். நான் வானத்தைப் பாத்து ஒரு தினுசா, வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லுவேன். அவன் போனதும் சுபாகிட்ட ஓடிப் போய், எங்கம்மா வந்துருக்குன்னு நானும் அதையே கேப்பேன். பொய் சொல்லுவானேன். எல்லாரும் என்னைய நம்பித்தான் இருக்கிற காசைப் போட்டாங்க. சுபாதான் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் மாறி மாறிப் போன்ல பேசி, அடுத்த கப்பல்ல ஏத்த வச்சா. நான் அவ பக்கத்துலயே உக்காந்து முறைச்சுக்கிட்டு இருந்தேன். போன்ல முகம் தெரியாதுதான். இருந்தாலும்.

பெட்டி சந்துக்கு வந்த அன்னைக்குத் திருவிழாதான். தொறந்து பாத்தா, தம்பி, பட்டை வெள்ளையா இருக்கு. வெள்ளை வெளேர்னு இல்லை, சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளை, ஆனா கழுவுன சரக்கு. காசிராஜன் பட்டையைத் தடவிப் பாத்துட்டு, தலைவரே, கறுப்புல்ல வரும்னீங்க, வெள்ளை வந்துருக்கேங்குறான். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. என்னைய நெனச்சு லியாவு சும்மாவே கழுவி அனுப்பியிருக்காரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி அதைச் சொன்னேன். சுபா அங்கிட்டுத் திரும்பிக்கிட்டா. வெக்கப்படுற புள்ள.

இப்ப எங்க சந்து வழக்கம் ஒண்ணு சொல்லணும். புதுப் பட்டை வந்தா முதல்ல ஒரே ஒரு கரண்டி அடிப்போம். அதுல புளித்தண்ணியை ஊத்தி வைப்போம். மறுநாள் பாக்கும்போது கறுக்காம இருந்தா சரக்கு சுத்தம். அதைக் கழுவித் தொடச்சு, கடைக்காரங்க பாத்திரத்துல பேரு வெட்டிக் குடுப்பாங்கள்ல, அதே மாதிரி காம்புல பேரு வெட்டுவோம். யாரு பேரு? அந்தப் பட்டையைக் கொண்டு வந்தவன் பேரு. வெட்டிச் சங்கத்துச் சுவத்துல தொங்க விட்டுருவோம். நாப்பது அம்பது கரண்டி தொங்குது. யாரு எந்தக் கஷ்ட காலத்துல பட்டை கொண்டு வந்து சந்தைக் காப்பாத்துனான்னு அதைப் பாத்தாத் தெரியும். பணம் காசெல்லாம் அதுக்கப்புறம்தான். காசிராஜன் பேரு அதுல இல்லை, அதுதான் அவனுக்கு வயித்தெரிச்சல்.

தைவான் பட்டையில அடிச்ச முதல் கரண்டியில 'சோணைமுத்து'ன்னு வெட்டுனாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வடை, காப்பி எல்லாம் எங்க வீட்டுல இருந்துதான். சுபாதான் தட்டுல வடை கொண்டு வந்தா. அந்த நேரம் பாத்து காசிராஜன், ஏன் தலைவரே, இங்கிலீசுக்கு என்ன பண்ணுனீங்கன்னு கேட்டான். இங்கிலீசு என்ன பெரிய இங்கிலீசு, ஏவாரம் நான் பேசினேன், புள்ள பக்கத்துல போனைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அம்புட்டுதான்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. சுபா வடைத் தட்டைக் கீழ வச்சா. எவர்சில்வர் தட்டு பாருங்க, கொஞ்சம் பலமா வச்சாலும் சத்தம் வரும்.

மறுநாள் காலையில, அம்மாவுக்கு முட்டி வலி, போய்ப் பாத்துட்டு வர்றேன் மாமான்னு சொல்லிட்டு திருச்சிக்குப் போயிட்டா. சம்பந்தி அம்மாவுக்கு முட்டி வலிங்கிறது எனக்குத் தெரியும், பழைய வலிதான். ஆனா கம்ப்யூட்டரையும் எடுத்துக்கிட்டுப் போனாளே, முட்டி வலிக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? நாள் ஆக ஆக ஆளைக் காணோம். என் மகன் கூட்டிக்கிட்டு வர்றேன்னு போனான். அவனும் அங்கயே சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். வீட்டுல நானும் எம் பொண்டாட்டி பேச்சியும்தான். ஏன்டி, இந்தப் புள்ளைக்கு என்ன கோவம்னு கேட்டா, பேச்சி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, "அந்தப் பேரு வெட்டுன கரண்டியை நீங்களே வச்சு ஊத்திச் சாப்பிடுங்க"ன்னா. சங்கத்துச் சுவத்துல தொங்குற கரண்டியில எப்படி ஊத்திச் சாப்பிடுறது? பொம்பளைங்க பேசுறது சில நேரம் வெளங்குறதில்லை. அன்னையில இருந்து ரசத்துல உப்பு இல்லை.

வீடு வீடாவே இல்லை தம்பி. காலையில ஏழு மணிக்கு மேசையில போய்த் தானா உக்காந்துருவேன். பக்கத்து நாற்காலி காலியா இருக்கும். அவ இருந்தா அந்நேரம், மாமா இன்னைக்கு நிக்கல் இறங்கியிருக்கு, மல்லிப்பூ என்ன விலைன்னு கேப்பா. நான் சொல்லுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, அந்தப் புள்ளை இல்லாம எனக்கு வீட்டுல பேச்சே இல்லை.

இதுக்கு நடுவுல ஒரு நாள் லியாவு என் போன்லயே முகம் பாத்துப் பேசக் கூப்புட்டாரு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. காசிராஜனைக் கூப்புட்டேன், அவன் ராணுவத்துல கொஞ்ச நாள் இருந்தவன், இங்கிலீசு தெரியும்னு சொல்லிக்குவான். பட்டைச் சுருளுக்கு இங்கிலீசுல காயில்னு பேரு, அவன் வந்து நின்னு, சார், காயில், குட், வெரி குட்னான். அதோட அவன் சரக்கு தீந்து போச்சு. நான் தமிழ்லயே சத்தமாப் பேசினேன். லியாவு மொகத்தைச் சுருக்கிக்கிட்டு, சுபாஷிணி, சுபாஷிணின்னு அது ஒண்ணையே கேக்குறாரு. நான் காலி நாற்காலியைத் தூக்கிக் காட்டினேன். வேற எப்படிச் சொல்றது? அவரு பதறிப் போயி என்னமோ சொல்லிட்டு வச்சுட்டாரு. என்ன நெனச்சுக்கிட்டாரோ, தெரியலை.

சாயங்காலமே நீளமா ஒரு சேதி அனுப்பியிருந்தாரு. படிக்க ஆளில்லை. முக்குல மருந்துக்கடைக்காரரு இருக்காரு, டாக்டர் எழுத்தையே படிக்கிறவரு, அவர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தேன். அவரு படிச்சுச் சொன்னாரு. இந்தத் தேதியில மெட்ராசுக்கு வர்றாராம். அடுத்த வருசப் பட்டையை யாருக்குக் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஊருக்குப் போறாராம். அந்த மெட்ராஸ் வியாபாரி இருக்காருல்ல, அவரு இவரையும் கண்டுபிடிச்சு, உங்க பட்டை பூராம் எனக்கே வேணும்னு கேட்டுருக்காராம். திருமதி சுபாஷிணி நல்லா இருக்காங்களா, அவங்களை நேர்ல பாத்துப் பேசணும்னு எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. "பக்கத்தில் எப்போதும் கோபமாக உட்கார்ந்திருப்பாரே, அந்தப் பெரியவரையும் அழைத்து வாருங்கள். அவர் சம்மதித்தாரா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் கவலையாக இருக்கும்." மருந்துக்கடைக்காரரு படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு. எதுக்குச் சிரிச்சாருன்னு தெரியலை. பாத்தீங்களா, என் சம்மதத்துக்காக அந்த ஆளு எப்படிக் கவலைப்பட்டிருக்காரு. நான் சொல்லலை?

ஆனா தம்பி, இன்னைக்குச் சாயங்காலம் சரியா அமையலைன்னா அந்தச் சந்து மறுபடியும் சத்தமில்லாமப் போயிரும். இருக்கிற பட்டை ஆடி வரைக்கும்தான். அதுக்கப்புறம் பன்னெண்டு வீட்டுலயும் புள்ளைங்க முழிச்சுக்கும். அதை நெனச்சாத்தான்.

அதனால நானே திருச்சிக்குப் போன் பண்ணினேன். ஆமா, நானேதான். மாமனார் மருமகளுக்குப் போன் பண்ணலாம், ஒண்ணும் தப்பில்லை. என்னம்மா அங்க மழையான்னு கேட்டேன். இல்லை மாமான்னா. அம்மா முட்டி எப்படி இருக்குன்னேன். பரவாயில்லை மாமான்னா. நிக்கல் எப்படி இருக்குன்னேன். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், இறங்கியிருக்கு மாமான்னா. வியாழக்கிழமை வைகை எக்ஸ்பிரஸ் எப்படியும் திருச்சி வழியாத்தான் போகுது, ஒரு டிக்கெட்டு போட்டு வைக்கவா, ஜன்னல் சீட்டுன்னு கேட்டேன். "பாக்கலாம் மாமா"ன்னா. அம்புட்டுதான் சொன்னா. பாக்கலாம்னா வர்றேன்னு அர்த்தமா, வரலைன்னு அர்த்தமா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?

வரலைன்னா உங்களைத்தான் கூட்டிக்கிட்டுப் போகணும்னு இருந்தேன். இங்கிலீசு புஸ்தகம் வச்சிருக்கீங்களே, அதைப் பாத்துத்தான் இம்புட்டுக் கதையும் சொன்னேன். ஒரு மணி நேரம்தான், காப்பி பலகாரம் எல்லாம் அங்கயே. ஆனா உங்களுக்குப் பட்டையைப் பத்தித் தெரியாது. நிக்கலும் தெரியாது. ம்ஹூம். சரிப்படாது.

இந்தக் கரண்டியா? இது அந்த முதல் கரண்டிதான். சுவத்துல இருந்து கழட்டிக்கிட்டு வந்துட்டேன். தலைவருங்கிற முறையில கழட்டலாம், யாரையும் கேக்கணும்னு இல்லை. லியாவுகிட்டக் காட்டலாமே, உங்க பட்டை எங்க வந்து என்ன ஆயிருக்குன்னு பாருங்கன்னு. இந்தாங்க, பாருங்க, என்ன கனம். காம்புல என் பேரு தெரியுதா? கீழயும் படிச்சுட்டீங்களா. ஆமா, அவ பேருதான். நேத்துப் பேரு வெட்டுறவன்கிட்டக் கொண்டு போய்க் குடுத்தேன். என் பேருக்குக் கீழ எடம் சும்மா கெடந்துச்சு, எடத்தை வீணாக்குவானேன்னு. அந்தப் பய அவ பேரைப் பெருசா வெட்டிட்டான். என் பேரைவிடப் பெருசு. சின்னதா வெட்டுடான்னு சொல்லலையான்னு கேக்குறீங்களா? சொல்லலை. சொல்ல மறந்துட்டேன்னு வச்சுக்கங்களேன்.

வண்டி மெதுவாப் போகுதே. திருச்சி வந்துருச்சா? அப்ப ஸ்டேஷன்தான். தம்பி, நீங்க கொஞ்சம் எந்திரிச்சு அந்தக் கதவுப் பக்கம் போய்ப் பாருங்களேன். நான் எட்டிப் பாத்தா நல்லா இருக்காது. கண்ணாடி போட்டு, கொஞ்சம் உயரமா, பக்கத்துல தாடியோட ஒரு பய நிப்பான், அதுதான் என் மகன். நிக்கிறாளா? அவளேதான். கையில பை இருக்கா? அதைப் பாருங்க முதல்ல. பை இல்லைன்னா வரலைன்னு நேர்ல சொல்லிட்டுப் போறதுக்கு வந்துருக்கான்னு அர்த்தம். மரியாதை தெரிஞ்ச புள்ள, நேர்லதான் சொல்லுவா.

இருக்கா? தோள்லயா? கம்ப்யூட்டர்ப் பையா? நல்லாப் பாத்தீங்களா?

சரி. சரி. வந்து உக்காருங்க. நான் சொன்னது எதையும் அவகிட்டச் சொல்லிராதீங்க. அந்தத் துண்டை எடுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை, கண்ணுல தூசி.

வாம்மா சுபா. வா வா. பாத்து வா, தம்பி கொஞ்சம் காலை மடக்கிக்கங்க. ஜன்னல் சீட்டு உனக்குத்தான். அம்மாவுக்கு முட்டி எப்படி? நல்லது. இவன் எதுக்கு வெளிய நின்னு சிரிக்கிறான்? மதுரைக்குப் போடான்னு சொல்லு, பிரஸ்ஸை யாரு பாக்குறது. தம்பி நம்ம பழக்கம்தான், பேசிக்கிட்டே வந்தோம், சும்மா ஊர்க்கதை.

இந்தா, இதைப் புடி. லியாவுக்குக் காட்டக் கொண்டு வந்தேன். திருப்பிப் பாக்காத, பையில வை. சரி பாரு. பாத்துட்டியா? ஒண்ணும் இல்லைம்மா, கீழ எடம் மிச்சம் இருந்துச்சு. அழுகாத, என்ன இது, ரயில்ல வச்சு. தம்பி பாக்குறாரு.

என்ன கேக்குற? லியாவுகிட்ட என்ன பேசணுமா? இதென்னம்மா கேள்வி, என்கிட்டக் கேக்குற? விலையோ, கழுவுறதோ, கப்பலோ, உனக்கு என்ன சரின்னு படுதோ அதைப் பேசு. நான் பக்கத்துல உக்காந்து முறைச்சுக்கிட்டு இருக்கேன்.